கற்படுக்கையின் அளவு

தமிழகத்தில் அருகநெறி வேரூன்றியதற்கு மிகப் பழைய சான்றாக விளங்குவன, வானளாவிய கோயில்களும் பெருங்காப்பியங்களும் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே மலைக்குகைகளில் செதுக்கப்பட்ட கற்படுக்கைகளே ஆகும். மதுரையைச் சூழ்ந்த குன்றுகளிலும், புதுக்கோட்டை, கரூர்ப் பகுதிகளின் மலைகளிலும் அவை இன்றும் காணக் கிடைக்கின்றன. ஒருவர் கால் நீட்டிப் படுக்கும் அளவு நீளம். அவர் உடல் கொள்ளும் அளவு அகலம். சிலவற்றில் தலைமாட்டில் அதே கல்லைச் சற்று உயர்த்தி விட்ட தலையணை. குகையின் நெற்றியில் மழைநீர் உள்ளே வழியாதவாறு வெட்டிய காடி. உலகைத் துறந்தோர்க்கு அன்றைய உலகம் கட்டிக் கொடுத்த வீடு இவ்வளவே.

'பள்ளி' என்னும் தமிழ்ச் சொல் படுக்கையைக் குறிக்கும். துறவோர் உறைவிடத்தைக் குறிக்கும். கல்வி பயிலும் இடத்தையும் குறிக்கும். ஒரே சொல் இம்மூன்று பொருளையும் தாங்கி நிற்பது எண்ணத்தக்கது. படுக்கை எவ்வளவு சிறியதோ அவ்வளவு சிறிய உறைவிடத்தில் வாழ்ந்தவர்களிடமே ஊரார் கல்வியும் அறிவுரையும் நாடிச் சென்றனர். உடைமையால் வராத பெருமை ஒன்று அவர்களிடம் இருந்தது. அது யாது, அதனை இல்லறத்தார் எவ்வாறு தம் வாழ்விற்கு ஏற்ற வகையில் கைக்கொண்டனர் என்பதை வரலாற்றின் வழி நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஏழடிப்பட்டத்துப் படுக்கைகள்

புதுக்கோட்டைக்கு அண்மையிலுள்ள சித்தன்னவாசல் மலையின் ஒரு பக்கத்தில், பாறையில் வெட்டிய படிகளைக் கடந்து செல்லும் குகை ஏழடிப்பட்டம் எனப்படும். அதனுள் 17 கற்படுக்கைகள் உள்ளன. அவற்றுள் பெரியதொன்றில் தமிழ் பிராமி எழுத்துகளில் அமைந்த கல்வெட்டு, எருமிநாட்டுக் குமுழூரில் பிறந்த துறவி ஒருவர்க்கு இளையர் என்பார் அமைத்துக் கொடுத்த அதிட்டானம் அது என்று கூறுகிறது. எருமிநாடு என்பது இன்றைய மைசூர்ப் பகுதி என்பர் கல்வெட்டறிஞர். நெடுந்தொலைவு நடந்து வந்த துறவிக்கு இந்நாட்டார் ஒருவர் தந்தது ஒரு கல்லின் மேற்பரப்பு. அதற்கு மேல் அவர் வேண்டவும் இல்லை. இவர் கொடுக்க முற்படவும் இல்லை.

அதே குகையின் ஏனைய படுக்கைகளில் பல நூற்றாண்டுகள் பிற்பட்ட எழுத்துகளில் வேறு துறவியர் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. ஒருவர் படுத்த இடத்தில் அவர்க்குப் பின் மற்றொருவர், அவர்க்குப் பின் இன்னொருவர் என்று தலைமுறை தலைமுறையாகத் தங்கியுள்ளனர். உரிமைப் பத்திரம் எழுதிக்கொள்ளாமல் ஓர் இடம் இத்தனை காலம் இத்தனை பேர்க்குப் பயன்பட்டது. பின்னர்ப் பாண்டியன் சீமாறன் சீவல்லபன் காலத்தில், 9ஆம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியர் இளங்கௌதமர் அதே மலையின் அறிவர் கோயிலைப் புதுப்பித்தார். அங்குள்ள தாமரைக்குள ஓவியம் இன்று உலகறிந்தது. ஆயினும் அவ்வோவியத்திற்கு முன்னரே அம்மலைக்குப் புகழ் தேடித் தந்தவை வண்ணம் ஏதும் இல்லாத இப்படுக்கைகள்தாம்.

கொடுத்தவர் எவர்?

எளிமையைப் போற்றியவர்கள் பொருளில்லாதவர்கள் என்று எண்ணுவார் உண்டு. கல்வெட்டுகள் அவ்வெண்ணத்தை மறுக்கின்றன. மதுரைக்கு அருகிலுள்ள அழகர்மலைக் குகைக் கல்வெட்டுகளில் கொடையாளர் பட்டியல் ஒன்று காணப்படுகிறது. மதுரையைச் சேர்ந்த பொன் தொழிலர், உப்பு வணிகர், பாணிதம் எனப்பட்ட வெல்லப்பாகு விற்றவர், கலப்பையின் கொழு விற்றவர், அறுவை எனப்பட்ட துணி விற்றவர் ஆகியோர் அதில் இடம்பெறுகின்றனர். ஒரு நகரத்தின் கடைத்தெரு முழுவதும் மலையேறி வந்து தன் பெயரைப் பாறையில் எழுதி வைத்தது போன்று அப்பட்டியல் தோன்றுகிறது. கரூரை அடுத்த புகளூர் ஆறுநாட்டான் மலையில், யாற்றூர்ச் செங்காயபன் என்னும் துறவிக்குச் சேர அரச மரபினர் உறைவிடம் அமைத்த செய்தியோடு, கருவூர்ப் பொன் வணிகர் நத்தி என்பார் அளித்த அதிட்டானமும் குறிக்கப்பட்டுள்ளது.

மாங்குளம் எனப் பெயர் பெற்ற மீனாட்சிபுரத்து மலையில் உள்ளவை இவை எல்லாவற்றினும் தொன்மையானவை. 1882இல் இராபர்ட் சீவெல் இவற்றைக் கண்டறிந்தார், 1924இல் கே. வி. சுப்பிரமணிய ஐயர் இவை தமிழே என்று காட்டினார். கி.மு. 2ஆம் நூற்றாண்டு அளவினவாக ஐராவதம் மகாதேவன் இவற்றைக் கணித்தார். நெடுஞ்செழியன் என்னும் பாண்டிய மன்னனைச் சார்ந்தோரும், வெள்ளறை நிகமத்தோர் என்னும் வணிகக் குழுவினரும் இங்குக் கொடையாளராக நிற்கின்றனர். கொடை பெற்றோருள் தலையாயவர் கணி நந்தாசிரியர்.

அரசனைச் சார்ந்தோரும் வணிகரும் எதையும் பெற்றுத் தரும் ஆற்றல் உடையவர்கள். ஆனால் அவர்கள் தம் ஆசிரியர்க்குக் கொடுத்தது படுக்கை. அக்கொடையில் இரு தரப்பாரின் பெருமையும் அடங்கியுள்ளது. மிகுதியாகக் கொள்ளாமை ஆசிரியர் பெருமை. கொள்பவர் நெறி கெடாதவாறு கொடுக்கத் தெரிந்தமை வணிகர் பெருமை.

துறவிக்கு இன்மை, இல்லறத்தார்க்கு அளவு

அருகநெறி துறவிக்கு வகுத்த மாவிரதங்கள் ஐந்தனுள் இறுதியானது அபரிக்கிரகம். எப்பொருளையும் தனதென்று கொள்ளாமை. இல்லறத்தார்க்கு வகுத்த அணுவிரதங்களில் இது வடிவம் மாறி, பொருள் வரைதலாக, மிகுபொருள் விரும்பாமையாக அமைகிறது. நிலமும் வீடும், பொன்னும் வெள்ளியும், கால்நடையும் தானியமும், பணியாளரும், துணியும் கலங்களும் எவ்வளவு தேவை என்பதைத் தானே முன்கூட்டி வரையறுத்து, அவ்வெல்லையைத் தாண்டாதிருத்தலே இவ்விரதம். உமாசுவாமி அருளிய தத்துவார்த்த சூத்திரம், பொருளின் மீது கொள்ளும் மயக்கத்தையே பரிக்கிரகம் என்று விளக்குகிறது. ஆகவே கையில் உள்ளதைக் காட்டிலும் மனத்தில் உள்ளதே இங்கு அளவிடப்படுகிறது.

'முன்கூட்டி' என்னும் சொல் இங்கு முதன்மையானது. பொருள் வந்த பின் 'போதும்' என்று சொல்லத் துணிவார் அரியர். வந்த பொருளே அடுத்த தேவையைப் பிறப்பித்துவிடும். ஆதலின் ஆசை எழுமுன் அளவை நிறுத்தி வைத்தனர் ஆன்றோர். கற்படுக்கைக்கும் இவ்விரதத்திற்கும் உள்ள ஒப்புமை இதுவே. கல்லில் வெட்டிய அளவு பின்னர் வளராது.

காஞ்சியோடு தொடர்புபடுத்திப் போற்றப்படும் சமந்தபத்திரர், இரத்தின கரண்டக சிராவகாசாரத்தில் இவ்விரதத்திற்கு நேரும் குற்றங்கள் ஐந்தினைக் கூறுகிறார். அந்நூலை அடியொற்றித் தமிழில் 180 குறள் வெண்பாக்களால் இயன்றது அருங்கலச் செப்பு. அவ்வைந்து குற்றங்களும் வணிகர் வாழ்வை நன்கு அறிந்தவர் வகுத்தவை என்பது வெளிப்படை. பொருளாசையால் வண்டி மாடுகளை அவற்றின் ஆற்றலுக்கு மேற்பட்ட தொலைவு ஓட்டுதல் ஒன்று. விலை ஏறும் என்று கருதித் தானியம் முதலியவற்றை அளவின்றிச் சேர்த்து வைத்தல் ஒன்று. பிறர் பெற்ற ஊதியத்தைக் கண்டு வியந்து மனம் வருந்துதல் ஒன்று. உரிய ஊதியம் வந்த பின்னும் இன்னும் வேண்டும் என அவாவுதல் ஒன்று. தாங்க மாட்டாத பாரத்தை விலங்கின் மீது ஏற்றுதல் ஒன்று.

இவற்றுள் இரண்டு, வாயில்லா உயிரின் முதுகைப் பற்றியவை. மனிதன் மனத்தில் தோன்றும் அவா முதலில் ஏறி அமர்வது எருதின் கழுத்தில் என்பதை ஆசிரியர் கண்டிருக்கிறார். கொல்லாமையும் மிகுபொருள் விரும்பாமையும் தனித்தனி அறங்கள் போலத் தோன்றினும் ஒன்றின் வேரே மற்றொன்று என்பது இங்குப் புலனாகிறது. பிறர் செல்வத்தைக் கண்டு வியத்தலையும் குற்றமாகச் சேர்த்தமை அதனினும் நுட்பமானது. தன் பெட்டியில் ஒரு காசும் கூடாமலே ஒருவன் இவ்விரதத்தில் தவறிவிடக்கூடும். அண்டை வீட்டின் மீது வைத்த பார்வையே அதற்குப் போதும்.

நுகர்ச்சிக்கும் அளவு உண்டு. ஒருமுறை நுகர்ந்து கழிக்கும் உணவு, பூ முதலியவை போகம்; மீண்டும் மீண்டும் பயன்படும் ஆடை, அணி முதலியவை உபபோகம். இவற்றை ஒரு பகல், ஓர் இரவு, ஒரு பக்கம், ஒரு திங்கள், ஒரு பருவம், அரையாண்டு எனக் காலம் குறித்து வரையறுத்துக்கொள்வது நியமம். வாழ்நாள் முழுதும் ஏற்பது யமம். எடுத்த எடுப்பில் யாவற்றையும் விடுமாறு யாரையும் வற்புறுத்தாமல், ஒரு நாள் வெற்றிலையை விடுவதிலிருந்து தொடங்க இந்நெறி இடம் தருகிறது. எளிமை ஒரு பயிற்சி என்பதை நம் முன்னோர் உணர்ந்திருந்தனர்.

ஐந்நூற்றைந்து காணம்

பழனிக்கு அருகிலுள்ள ஐவர்மலையில், சக ஆண்டு 792, அதாவது கி.பி. 870இல் பொறிக்கப்பட்ட கல்வெட்டு ஒன்று உள்ளது. இரண்டாம் வரகுண பாண்டியனின் எட்டாம் ஆட்சியாண்டினது அது. குணவீரக்குரவடிகளின் மாணாக்கர் சாந்திவீரக்குரவர், அம்மலையிலுள்ள பார்சுவநாதர் திருவுருவையும் இயக்கியர் உருவங்களையும் புதுப்பித்து, அவற்றின் வழிபாட்டிற்கும் அடிகள் ஒருவரின் உணவிற்குமாக 505 காணம் பொன் அமைத்தார் என்று அது தெரிவிக்கிறது. பாண்டியர் வரலாற்றில் வரகுணன் அரியணை ஏறிய ஆண்டை 862 என்று உறுதி செய்ய உதவியதால் வரலாற்றாசிரியர்கள் இக்கல்வெட்டைப் பெரிதும் மதிப்பர். அறத்தை நோக்குவார்க்கு வேறொரு செய்தி அதில் உண்டு. அவ்வளவு பொன் வந்து சேர்ந்த மலையிலும் துறவிக்கு உரியதாகக் குறிக்கப்பட்டது சோறு மட்டுமே.

வந்தவாசியை அடுத்த வேடாலில் கிடைத்த சோழர் காலக் கல்வெட்டு பெண் துறவியரைப் பற்றியது. அங்கே துறவியரிடையே கருத்து வேறுபாடு எழுந்தபோது, ஊரிலிருந்த அறநெறியாளர்கள் கனகவீரக் குரத்தியாரையும் அவருடைய மாணவியரையும் காத்து உணவளிக்கும் பொறுப்பை ஏற்றனர். கல்வி புகட்டும் பெண்துறவியர் பலர் ஓர் ஊரில் திரண்டிருந்தமையும், அவர்களை ஊரார் தம் கடமையாகக் கருதியமையும் இதனால் அறியப்படும்.

எனினும் வரலாறு புகழுரை மட்டும் கூறுவதில்லை. காலப்போக்கில் பள்ளிகளுக்கு நிலங்கள் வந்தன. அவை பள்ளிச்சந்தம் என வரி நீங்கிய இறையிலிகளாயின. துறவியிடம் ஒன்றும் இல்லை. ஆனால் அவர் தங்கிய பள்ளியிடம் நிலமும் பொன்னும் இருந்தன. நிலம் இருந்தால் எல்லை உண்டு; எல்லை இருந்தால் காவலும் கணக்கும் வழக்கும் உண்டு. குகையில் வாழ்ந்த காலத்தில் எழாத வினாக்கள் பின்னர் எழுந்தன. அறத்துக்கென வந்த பொருளும் பொருளே. அதன் மீதும் மயக்கம் பிறக்கக்கூடும். தனிமனிதர்க்கு வகுத்த அளவு அறநிலையங்களுக்கும் பொருந்தும் என்பது பள்ளிச்சந்தங்களின் வரலாறு உணர்த்தும் பாடமாகும். சேர்த்து வைப்பதற்காக அன்றி, உணவு, மருந்து, நூல், அடைக்கலம் என்னும் நால்வகைத் தானங்களாக வெளிச்செல்வதற்காகவே பொருள் அறநிலையத்துள் வருகிறது. வந்த வாயில் அகன்றும் செல்லும் வாயில் குறுகியும் போனால் பள்ளியும் பண்டசாலையாகிவிடும்.

காப்பியங்கள் காட்டும் காட்சி

சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் புகாரை நீங்கி மதுரைக்குப் புறப்படும்போது உடன் வருபவர் கவுந்தியடிகள். அவர் எடுத்துக்கொண்ட பொருள்களை இளங்கோவடிகள் எண்ணிச் சொல்கிறார்: பிச்சை ஏற்கும் கடிஞை, தோளில் தொங்கும் உறி, மயிற்பீலி. இம்மூன்றையும் எடுக்க அவர்க்கு நொடிப்பொழுது போதும். மறுபுறம், பெருஞ்செல்வர் மகனான கோவலன் முன்னோர் ஈட்டியதைத் தொலைத்து, எஞ்சிய சிலம்பை முதலாகக் கொண்டு இழந்ததை மீட்கச் செல்கிறான். ஒரே வழியில் இருவர் நடக்கின்றனர். மூன்று பொருள் உடையவர்க்கு அச்சம் இல்லை. ஒரு சிலம்பு உடையவனுக்கு அதுவே கூற்றாகிறது. கோவலனும் சாவக நோன்பியே என்று காப்பியம் குறிப்பதை நினைந்தால் அத்துயரம் இன்னும் ஆழமாகிறது. அளவு வரைந்த குலத்தில் பிறந்தும் அவன் அளவைக் காக்கவில்லை.

திருத்தக்கதேவரின் சீவகன் இதற்கு மறுதலை. அவன் இழந்த நாட்டை வென்றவன். எல்லா இன்பமும் எய்தியவன். ஒருநாள் சோலையில், கடுவன் ஒன்று தன் மந்திக்குப் பலாக்கனி கொடுக்க, காவலன் வந்து அவற்றை விரட்டிக் கனியைப் பறித்துக்கொள்வதைக் காண்கிறான். தான் பகைவனை ஓட்டி நாட்டைக் கொண்டதும் அவ்வாறே என்று அவனுக்குத் தோன்றுகிறது. நாளை தன்னையும் ஒருவன் ஓட்டுவான் என்றும் தெளிகிறான். துறவு அங்கே பிறக்கிறது. தோல்வியால் வந்த வெறுப்பு அவனிடம் இல்லை. கையில் கனி இருக்கும்போதே அதன் இயல்பை அறிந்து விட்டவன் அவன். செல்வம் இருக்கும்போதே அளவை ஏற்றவர்க்குக் கிட்டும் அமைதி அதுவே.

செஞ்சிக்கு அருகிலுள்ள திருநாதர்குன்றில், ஏறத்தாழ 6ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணா நோன்பிருந்து உயிர் நீத்ததைப் பதிவு செய்துள்ளது. சில சொற்களே கொண்ட சிறு கல்வெட்டு அது. உடலும் தனதன்று எனத் துணிந்தவரின் வரலாற்றுக்கு அவ்வளவு எழுத்தே போதுமானதாயிற்று. அக்குன்றின் பாறையில் இருபத்து நான்கு தீர்த்தங்கரரும் இரு வரிசைகளில் அமர்ந்து அந்த அமைதியைக் காத்து வருகின்றனர்.

எஞ்சியது எது?

அரசுகள் மாறின, ஆதரவு குறைந்தது, அருகநெறியாளர் தொண்டை நாட்டுச் சிற்றூர்களில் உழவராக ஒடுங்கி வாழ்ந்தனர். அக்காலத்தும் அவர்கள் கைவிடாதவை பொழுது சாயுமுன் உண்ணும் நோன்பும் ஏட்டுச் சுவடிகளும். 19ஆம் நூற்றாண்டில் உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை ஆராய முற்பட்டபோது, அதன் சமயக் கருத்துகளை அவர்க்கு விளக்கியவர்கள் கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர்கள். 1887இல் அந்நூல் அச்சேறியது. நூலைக் காப்பதும் கொடுப்பதும் தானம் என்று பயின்ற குடியினர், தாம் காத்ததைத் தமிழுலகம் முழுமைக்கும் வழங்கினர். வேறெந்தச் செல்வமும் அவ்வாறு கொடுக்கக் கொடுக்கப் பெருகியதில்லை.

மாங்குளத்துக் கற்படுக்கைகள் உள்ள மீனாட்சிபுரமும் அதனை அடுத்த அரிட்டாபட்டியும் 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டன. பின்னர் அப்பகுதியை உள்ளிட்ட நாயக்கர்பட்டித் தொகுதியில் டங்ஸ்டன் கனிமம் எடுப்பதற்கு ஏலம் நடந்தது. ஊர் மக்கள் திரண்டு எதிர்த்தனர். 2025 சனவரியில் மத்திய அரசு அவ்வேலத்தை நீக்கியது. மலையை உடைத்தால் வரும் பொருளையும், மலை நின்றால் விளையும் நலத்தையும் எடைபோட்டு, நிற்பதே வேண்டும் என்றனர் அவ்வூர் உழவர்கள். பல சமயத்தார் வாழும் ஊர் அது. பொருள் வரைதலின் பயனை அம்மக்கள் தம் வாழ்விலிருந்தே அறிந்திருந்தனர்.

அப்படுக்கைகளை வெட்டுவித்த வணிகரின் மாளிகை எங்கிருந்தது என்று இன்று காட்ட இயலாது. அவர்கள் பெட்டியில் சேர்த்த பொன்னின் கணக்கும் இல்லை. கொடுத்தது மட்டும் பெயரோடு நிற்கிறது. இன்று வளம் பெற்ற குடும்பங்களின் திருமணங்களில் பொன்னும் பந்தலும் விருந்தும் ஆண்டுதோறும் உயர்ந்து வருகின்றன. ஒரு வீட்டார் செய்ததைக் கண்டு மறுவீட்டார் வியக்க, வியப்பு கடனாகிறது. கடன் உறக்கத்தைப் பறிக்கிறது. சமந்தபத்திரர் எண்ணிய மூன்றாம் குற்றம் நம் திருமண மண்டபங்களில் குடியிருக்கிறது. அதற்கு மாற்றும் அவரே கூறிய நியமத்தில் உள்ளது. மணத்திற்கு நாள் குறிக்கும் அன்றே செலவின் அளவையும் குறித்து, அதில் ஒரு பங்கை ஒரு மாணவரின் கல்விக்கோ நோயாளியின் மருந்துக்கோ ஒதுக்கிவிட்டு மற்றதைத் தொடங்கலாம். ஒரு குடும்பம் தொடங்கினால் மற்றொரு குடும்பத்திற்குத் துணிவு பிறக்கும்.

தசலட்சண அறங்களின் வரிசையில் எட்டாவது தியாகம், ஒன்பதாவது ஆகிஞ்சன்யம். கொடுத்தல் முன்னும், எனதென்று ஒன்றில்லாமை பின்னும் வைக்கப்பட்டுள்ளன. எனதில்லை என்னும் நிலைக்கு ஏறும் படி, கொடுக்கும் கைதான். ஏழடிப்பட்டத்துப் படிகளைப் போல அதுவும் செங்குத்தானது. ஆயினும் ஏறிச் சென்றவர் உண்டு என்பதற்குக் கல்லே சான்று. அப்படியின் முடிவில் நமக்கெனக் காத்திருக்கும் இடம் சிறியதாக இருக்கலாம். ஒருவர் அச்சமின்றி உறங்க அவ்விடம் போதும்.